சுமைதாங்கியின் உயரம்

நம் நாட்டுப் பழைய பாதைகளில் நடந்து பழகியவர்கள் சுமைதாங்கிக் கல்லை அறிவார்கள். பாதையோரத்தில் இரண்டு கற்கள் செங்குத்தாக நடப்பட்டிருக்கும். அவற்றின் தலைமீது நீண்ட பலகைக் கல் ஒன்று கிடக்கும். அவ்வளவுதான். சிற்ப வேலை பெரும்பாலும் இராது. இக்காலத்தில் அதில் சுவரொட்டி ஒட்டுவோரும், அதன்மீது சாய்ந்துகொண்டு கைபேசியில் பேசுவோரும் உண்டு. அது எதற்காக அங்கே நிற்கிறது என்று அறிந்தவர்கள்தாம் குறைந்து வருகிறார்கள்.

தலைச்சுமையாகப் பொருள் கொண்டுசென்ற நாட்களை எண்ணிப் பார்ப்போம். நெல் மூட்டையோ, நூல் மூட்டையோ, விறகுக் கட்டோ எதுவாயினும், சந்தைக்குச் செல்பவர் அதைத் தலையில் ஏற்றப் பிறர் ஒருவர் கைகொடுக்க வேண்டும். வழியில் கழுத்து நோகும். இறக்கி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் தனிவழியில் இறக்கி வைத்துவிட்டால் மீண்டும் தூக்கிவிட ஆள் ஏது? ஆதலால் நோவைப் பொறுத்துக்கொண்டு நடந்தே தீரவேண்டும். இந்தத் துன்பத்தை நன்றாக உணர்ந்த எவரோ ஒருவர் அந்தக் கல்லை நாட்டினார். சுமப்பவர் குனிய வேண்டியதில்லை. தலையிலிருந்து சுமையை அப்படியே கல்லின்மீது தள்ளிவிடலாம். இளைப்பாறிய பின், எவரையும் அழைக்காமலே மீண்டும் தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம்.

இக்கல்லின் சிறப்பெல்லாம் அதன் உயரத்தில் இருக்கிறது. ஒரு முழம் தாழ்ந்திருந்தால் குனிந்து தூக்க வேண்டும். ஒரு முழம் உயர்ந்திருந்தால் எட்டாது. சுமப்பவரின் தலையையும் தோளையும் மனத்தால் அளந்து பார்த்த பின்னரே அதை நாட்டியிருக்கிறார்கள்.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. தன் சுமையை இறக்கி வைக்காமலே சென்றுவிட்ட ஒருத்தியின் பொருட்டு, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் செய்தார்கள். துக்கத்தைப் பிறர்க்குப் பயன்படும் பொருளாக மாற்றிய அந்த மனத்தை என்னென்பது!

இதற்கு உடன்பிறந்தவை இன்னும் சில உண்டு. உடல் தினவெடுத்த மாடு உராய்ந்துகொள்வதற்கென்று மேய்ச்சல் வெளியிலும் குளக்கரையிலும் நட்ட ஆவுரிஞ்சு கல் ஒன்று. கோடையில் மோரும் தண்ணீரும் வழங்கும் தண்ணீர்ப் பந்தல் மற்றொன்று. வழிநடப்போர் உறங்கிச் செல்வதற்காக வீட்டுக்கு வெளிப்புறம் கட்டிய திண்ணை பிறிதொன்று. இவை யாவும் சிறியவை; யாவும் முன்கூட்டி எண்ணிச் செய்தவை; எவற்றிலும் உதவி பெறுபவர் கைகூப்பி நிற்க வேண்டியதில்லை.

அன்பும் அளவும்

அன்பு காட்டுதல் என்றால், பிறர் துன்பத்தைக் கண்டவுடன் உள்ளம் உருகுதல் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உருகுதல் நல்லதுதான். ஆனால் உருகிய உள்ளம் சிறிது நேரத்தில் ஆறிவிடும். அன்றன்றைய வாழ்வில் நிலைத்துப் பயன்தருவது, எண்ணித் துணிந்து செய்யும் சிறு உதவியேயாகும். எவருடைய தோள் எந்த இடத்தில் நோகும் என்று முன்னரே நினைத்துப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு கல்லை நாட்டி வைப்பதே அது.

நம் இலக்கியம் போற்றும் வள்ளல்களுள் பாரி, பற்றிப் படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுச் சென்றான். பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தான். இத்தகைய கொடையைப் புலவர்கள் 'கொடைமடம்' என்ற அழகிய சொல்லால் குறித்தனர். ஈகையின் வேகத்தில் ஏற்பவர்க்கு அது வேண்டுமா வேண்டாமா என்று ஆராயாத பேதைமை அது. அந்தப் பேதைமையும் புகழுக்குரியதே. ஆயினும் துணி நெய்து பிழைக்கும் நாம் ஒன்றைச் சொல்லலாம்: மயிலுக்குத் தோகையே போர்வை. அந்தப் போர்வை பக்கத்துக் குடிசையில் ஒரு கிழவிக்குத் தேவைப்பட்டிருக்கக் கூடும். மன்னர்க்குக் கொடைமடம் அழகு. நமக்கோ சுமைதாங்கி கட்டியவரின் அளவறிவே ஏற்றது.

ரொட்டியில் தொடங்கிய இயக்கம்

நம் கூட்டுறவு இயக்கமே இவ்வாறான ஒரு சிறு செயலில் வேர்விட்டது என்பதை அங்கத்தினர்கள் நினைவில் கொள்ளுதல் நலம்.

ஜெர்மனி நாட்டில் வெஸ்டர்வால்ட் என்னும் மலைப்பகுதியில் வையர்புஷ் என்றோர் ஊர். பிரெடரிக் வில்ஹெம் ரெய்பீசன் என்ற இளைஞர் 1845-ல் அவ்வூரின் தலைமை அதிகாரியானார். அடுத்த ஆண்டு விளைச்சல் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தது. அரசினர் களஞ்சியத்திலிருந்து மாவு வந்து சேர்ந்தது. ஆனால் ரொக்கம் கொடுப்பவர்க்கே விற்க வேண்டும் என்பது உத்தரவு. பசித்திருந்தவர்களிடம் ரொக்கம் இல்லை. ரெய்பீசன் உத்தரவை ஒருபுறம் வைத்துவிட்டு, ஏழைகளுக்குக் கடனாகவே மாவை வழங்கினார். பின்னர் ஊரில் வசதியுள்ளோரைக் கூட்டிப் பொருள் திரட்டி, தானியம் வாங்கி, ஊர்ப்பொதுவில் ஓர் அடுப்புக் கட்டி ரொட்டி சுடச் செய்தார். ரொட்டியின் விலை பெரிதும் குறைந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் மாவை இனாமாகக் கொடுக்கவில்லை, கடனாகக் கொடுத்தார். 'நீ திருப்பிக் கொடுக்கக் கூடியவன்' என்று ஒருவரை நம்புவதும் ஓர் உதவியே. அந்த நம்பிக்கை பசித்தவரைத் தலைநிமிர்ந்து ரொட்டி வாங்கச் செய்தது.

பின்னர்ப் பிளாமர்ஸ்பெல்ட் என்ற ஊரிலும், 1854-ல் ஹெட்டெஸ்டார்ப் என்ற ஊரிலும் அவர் உதவிச் சங்கங்களை அமைத்தார். அவை வசதி படைத்தோரின் தருமச் சிந்தையை நம்பி நின்றவை. நாளடைவில் அந்தச் சிந்தை தளர்ந்தது. வருந்திப் பெற்ற அனுபவத்தால் ரெய்பீசன் ஓர் உண்மையைக் கண்டார்: கடன் பெறுபவர்களே சங்கத்தின் அங்கத்தினர்களாக இருக்க வேண்டும், ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்க வேண்டும். 1864-ல் ஹெட்டெஸ்டார்ப் சங்கம் அந்த முறையில் கடன் சங்கமாக மாறியமைந்தது. மேலிருந்து நீளும் கைக்கு ஏழை எட்டி நிற்க வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்து நீளும் கை தோளளவில் இருந்தது. சுமைதாங்கியின் உயரத்தை அவர் வேறொரு வழியில் கண்டுகொண்டார் எனலாம்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து 1844 டிசம்பர் 21 அன்று திறந்த கடையும் பெருங்கடையன்று. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகிய சில பொருள்களே அங்கிருந்தன. அக்கடை செய்த உபகாரம், கலப்படமில்லாத பொருளைச் சரியான எடையில் கொடுத்ததேயாகும். தராசு முள்ளை நேராக நிறுத்துவதும் அன்புதான்.

ரெய்பீசனின் முறையை நம் நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். அவர் சென்னை அரசினர்க்கு 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளும், 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் தோன்றிய சங்கமும் நாம் அறிந்த வரலாறு. பஞ்ச காலத்து ஒரு பிடி மாவுக்கும் இன்று நம் கையிலுள்ள பாஸ் புத்தகத்துக்கும் உள்ள தொடர்பு இது.

மடித்த சீட்டு

இவ்வளவும் எழுதுகிறவன் ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தவன் என்பதையும் சொல்லிவிடுவது கடமை.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. தீபாவளிக்கு முந்திய மாதம். நூல் வாங்க நீண்ட வரிசை. ஒரு பெரியவர் முறை வந்தது. கணக்கைப் பார்த்தேன், பழைய பாக்கி நின்றது. "பெரியவரே, முன்பாக்கி அப்படியே இருக்கிறது. அதைக் கட்டாமல் நூல் எப்படிக் கொடுப்பது?" என்று வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னேன். தொகையையும் சொன்னேன்.

அவர் பதில் பேசவில்லை. நூல் கொண்டுபோகக் கொண்டுவந்திருந்த துணிப்பையை நான்காக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியேறினார். வரிசையில் அவருக்குப் பின்னால் நான்காவதாக நின்றவர் அவருடைய மருமகன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெண் கொடுத்த வீட்டாருக்குத் தெரியாமல் அவர் காத்துவந்த கடன் அது.

மறுநாள் காரியதரிசி என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, நீ சொன்ன விதி சரி. சொன்ன குரல் சரியில்லை" என்றார். இருவரும் அப்பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். காரியதரிசி கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தறியின் அருகே அமர்ந்து, பாவைத் தடவிப் பார்த்து, அச்சைப் பற்றி விசாரித்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "ஐயா, தவணை போட்டுக்கொள்ளலாம். வசதிப்பட்டபோது வாருங்கள்" என்று மட்டும் சொல்லி எழுந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "போகட்டும் தம்பி" என்றார்.

அவர் வரவில்லை. தனி வியாபாரி ஒருவரிடம் குறைந்த கூலிக்கு நெய்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாக்கியை முழுவதும் தீர்த்துவிட்டுச் சங்கத்துக்குத் திரும்பினார். ஆனால் அதன்பின் ஒரு நாளும் அவர் வரிசையில் நின்றதில்லை, பேரனைத்தான் அனுப்புவார். ஒரு நிமிடத்தில் நான் பேசிய பேச்சு ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுக் கூலியைக் குறைத்தது. ஒரு மனிதருக்கு ஆயுள் முழுவதும் ஒரு வரிசையை மூடியது.

அதன்பின் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. பாக்கித் தொகையைச் சிறு சீட்டில் எழுதி, மடித்து, பாஸ் புத்தகத்தினுள் வைத்துக் கொடுப்போம். பாக்கி இல்லாதவர் புத்தகத்திலும் ஒரு மடித்த சீட்டு இருக்கும். அதில் 'பாக்கி இல்லை' என்றிருக்கும். ஆகவே சீட்டைக் கண்டு எவரும் எவரையும் எடைபோட முடியாது. இதற்குச் செலவு, கொஞ்சம் தாளும் கொஞ்சம் நேரமும். விதி ஓர் எழுத்தும் தளரவில்லை. என் தோழர் ஒருவர் அதைக் 'காகிதச் சுமைதாங்கி' என்பார்.

தறியிலும் வயலிலும்

நம் தொழில்களில் இத்தகைய கல் நாட்டுவதற்குரிய இடங்கள் எங்கும் உள்ளன. தேடிப் பார்க்கும் கண்தான் வேண்டும்.

விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் ஊர்களில், அவ்வழியே செல்பவர் மிதிவண்டியை விட்டிறங்கி ஓரமாகத் தள்ளிச் செல்வதுண்டு. ஆட்டையும் கன்றையும் அப்பால் ஓட்டிவிடுவதும் உண்டு. மேகம் கறுத்தால், தம் வீட்டுப் பாவு அன்று எனினும் ஓடிவந்து கைகொடுப்பவர் உண்டு. மழையில் நனைந்த பாவு ஒரு குடும்பத்தின் பல நாள் உணவு என்பதை அவர் அறிவார்.

பழைய பாவின் முனையோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கும் வேலை கண்ணைக் குடிக்கும் வேலை. கண் மங்கிய முதியவர் வீட்டில் பாவு பிணைக்கும் நாளை முன்னரே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலை ஒரு மணி நேரம் போய் அமர்வது எத்துணைப் பெரிய உபகாரம்! "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி வைப்பது எளிது. கேட்பவருக்கோ வாய் எழாது. "செவ்வாய்க்கிழமை காலை வருகிறேன்" என்று நாளைச் சொல்வதே உதவி.

கூலி நாளில் முதியவர்களையும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரையும் முன்னே விடுவது. எழுத்தறியாதவருக்குக் கூலிச் சீட்டைத் தணிந்த குரலில் படித்துக் காட்டுவது. வங்கியிலிருந்து கைபேசிக்கு வரும் செய்தியை விளக்கிச் சொல்லி, அதிலுள்ள இரகசிய எண்ணை எவர்க்கும் சொல்லலாகாது என்று எச்சரிப்பது. நெய்த சேலையில் குற்றம் கண்டால் பலர்முன் உயர்த்திக் காட்டாமல் நெய்தவரைத் தனியே அழைத்துக் காட்டுவது. இவை யாவும் சங்கத்தின் சுமைதாங்கிகள்.

வயலுக்கு வருவோம். முறைத் தண்ணீரில் தலைமடைக்காரர் தம் நேரம் முடிந்தவுடன் மடையை அடைப்பது நியாயம். இரவு நேரமாயின், "உங்கள் முறை வந்துவிட்டது" என்று கடைமடைக்காரருக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு அடைப்பது அன்பு. நியாயத்துக்கும் அன்புக்கும் இடையே உள்ள தொலைவு சில சமயம் ஒரு குரல் அளவே.

நடவு முடிந்தபின் நாற்று முடிகள் மிஞ்சுவதுண்டு. அவற்றை வரப்பில் காயவிடாமல், நாற்றங்கால் பழுதுபட்டவர் வயலோரத்தில் நீர் படும்படி வைத்துவிட்டுப் போகலாம். தம் நெல்லில் புகையான் தென்பட்டால் அன்று மாலையே அண்டை வயல்காரரிடம் சொல்லலாம்; அப்பூச்சி தூரின் அடியில் மறைந்திருப்பதால், மேலோடு பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது. மருந்து தெளிக்குமுன் காற்றின் திசையைப் பார்ப்பது மற்றொன்று. பக்கத்து வயலில் களை பறிக்கும் பெண்கள் இருக்கலாம். அடுத்த தோட்டம் முசுக்கொட்டையாக இருக்கலாம். மருந்து பட்ட இலையைத் தின்ற பட்டுப்புழு மடியும். அங்கே மடிவது ஒரு புழு வளர்ப்பவரின் உழைப்பு. பின்னர்க் குறைவது ஒரு நெசவாளரின் பட்டு. விளைவிப்பவரும் நெய்பவரும் ஒரே இழையின் இரு முனைகள் என்பது வெறும் மேடைப் பேச்சன்று.

அன்பும் சலுகையும்

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அன்பின் பெயரால் விதியை வளைப்பது அன்பாகாது. உறவினருக்குக் கடனை முந்திக் கொடுப்பதும், வேண்டியவர் நெய்த குற்றத் துணியை முதல் தரமென்று ஏற்பதும், நண்பரின் தவணையைக் கணக்கில் மறைப்பதும் பிறர் பணத்தில் செய்யும் தாராளம். அவர் இறக்கி வைத்த சுமையை, விவரம் அறியாத மற்ற அங்கத்தினர் தலையில் ஏற்றுகிறோம். தம் நேரத்தையோ, தம் பொருளையோ, தம் பொறுமையையோ கொடுப்பதே அன்பு. சங்கத்தின் பொருளைக் கொடுப்பது சலுகை. எங்கள் காரியதரிசி அப்பெரியவரின் பாக்கியைத் தள்ளுபடி செய்யவில்லை என்பதை நினைவில் கொள்க. அவர் கொடுத்தது தம் ஒரு நாள் மாலைப் பொழுது.

உதவி பெறுபவரின் சுமையை நாமே பறித்துக்கொண்டு ஓடுவதும் முறையன்று. சுமைதாங்கி எவருடைய சுமையையும் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. சற்றுநேரம் தாங்கிக்கொள்கிறது, பின்பு உரியவரிடமே கொடுத்துவிடுகிறது. அவரவர் உழைப்பை அவரவர் தலைநிமிர்ந்து சுமக்கும்படி செய்வதே அதன் பெருமை. அதுவே நம் கூட்டுறவின் கொள்கையும் ஆகும்.

நாளைக்கு ஒன்று

அங்கத்தினர்களே! பெரிய தருமம் செய்யப் பொருள் வேண்டும். நம்மில் பலரிடம் அது இல்லை. நாளைக்கு ஒரு சிறு நன்மை செய்யப் பொருள் வேண்டியதில்லை; முதல் நாள் இரவு ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும். தறிக்குழியை விட்டு ஏறும்போதும், மண்வெட்டியைக் கழுவி வைக்கும்போதும், 'நாளை என் கண்ணெதிரே எவருடைய தலை நோகும்? அதற்கு என்னால் ஆவது யாது?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விடை கிடைத்தால் மறுநாள் அதைச் செய்துவிட்டு, செய்ததைப் பிறரிடம் சொல்லாதிருப்போம்.

சுமைதாங்கிகளுட் பலவற்றில் நாட்டியவர் பெயர் இல்லை. அதனால் எந்த வழிப்போக்கருக்கும் எந்தக் குறையும் நேர்ந்ததில்லை. அவர்கள் சுமையை இறக்கினார்கள், மூச்சு வாங்கினார்கள், மீண்டும் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள்.